பராமரிப்பில் பிழை, பயணத்தில் தொல்லை

மலேசியக் குடும்பங்கள் பலவற்றுக்கு மகிழுந்து ஆடம்பரப் பொருளன்று, அன்றாடத் தேவை. வேலைக்குச் செல்லவும், பிள்ளைகளைப் பள்ளியில் விடவும், நோயுற்ற பெற்றோரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும் அது வேண்டும். 1985ஆம் ஆண்டில் புரோட்டோன் சாகாவும், 1994ஆம் ஆண்டில் பெரோடுவா கஞ்சிலும் சாலைக்கு வந்த பிறகு, நடுத்தர வருமானம் பெறுவோரின் வீட்டு வாசலிலும் மகிழுந்து நின்றது. பலர் இன்றும் பழைய மகிழுந்துகளை வாங்கித்தான் பயன்படுத்துகின்றனர். அத்தகைய மகிழுந்து ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறும்போது, முன்பு செய்யப்பட்ட பராமரிப்பின் நன்மையும் தீமையும் அதனுடனேயே சேர்ந்து மாறுகின்றன.

மகிழுந்து பழுதடைந்தால், “வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்” என்று பலர் சொல்லிவிடுவர். உண்மையில், எல்லாப் பழுதுகளும் தேய்மானத்தால் வருவன அல்ல. சில பழுதுகளைப் பட்டறையே உண்டாக்கிவிடுகிறது. நோயைத் தீர்க்க வேண்டிய மருந்தைத் தவறாகக் கொடுத்தால், அதுவே புதிய நோய்க்குக் காரணமாகும். அதுபோலவே, கவனமின்றிச் செய்யப்படும் பராமரிப்பும் நல்ல நிலையிலுள்ள இயந்திரத்தைக் கெடுத்துவிடும். இத்தகைய பழுதுகள் எப்படித் தோன்றுகின்றன, அவற்றை எப்படிக் கண்டறிவது, கண்டறிந்த பின் என்ன செய்வது என்பனவற்றை வாகனமோட்டிகள் மட்டுமின்றி மாணவர்களும் அறிந்திருப்பது நலம்.

கை வலிமை அளவுகோல் ஆகாது

இயந்திர எண்ணெயை மாற்றுவது மிக எளிய வேலை என்றே பலரும் கருதுகின்றனர். இயந்திரத்தின் அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டியில் ஒரு மரையாணி இருக்கும். அதைக் கழற்றினால் பழைய எண்ணெய் வடிந்துவிடும். பின்னர் மரையாணியை மீண்டும் பூட்டிப் புதிய எண்ணெயை ஊற்ற வேண்டும். வேலை அவ்வளவுதான். ஆயினும், பிழை நேர்வதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இன்றைய மகிழுந்துகள் பலவற்றில் எண்ணெய்த் தொட்டி அலுமினியக் கலவையால் ஆனது. மரையாணியோ எஃகினால் ஆனது. எஃகு கடினமானது, அலுமினியம் மென்மையானது. அளவுக்கு மீறி முறுக்கினால், ஆணியில் உள்ள மரை அப்படியே இருக்கும். தொட்டியில் உள்ள மரைதான் சிதையும். சிதைந்த மரை எண்ணெயை முழுமையாகத் தடுத்து நிறுத்தாது. முதலில் ஒரு துளி கசியும். நாளடைவில் தரையில் கறை தெரியும். ஒருநாள் ஆணியே கழன்று விழுந்துவிடும்.

எவ்வளவு முறுக்க வேண்டும் என்பதை உற்பத்தியாளர்கள் திருப்புவிசை அளவாகக் கையேட்டில் தந்துள்ளனர். சிறிய மகிழுந்துகள் பலவற்றின் எண்ணெய்த் தொட்டி ஆணிக்கு 25 முதல் 40 நியூட்டன் மீட்டர் போதுமானது. இதை எளிதில் புரிந்துகொள்ளலாம். 30 சென்டிமீட்டர் நீளமுள்ள ஸ்பேனரின் நுனியில் 10 கிலோகிராம் எடை தொங்கினால், ஏறக்குறைய 30 நியூட்டன் மீட்டர் திருப்புவிசை கிடைக்கும். அதே ஆணியில் அரை மீட்டர் நீளக் குழாயை மாட்டி, 50 கிலோகிராம் எடையை அதன் மேல் அழுத்தினால், திருப்புவிசை ஏறக்குறைய 245 நியூட்டன் மீட்டராகிவிடும். அஃதாவது, தேவையானதைப் போல எட்டு மடங்கு! “இறுக்கமாக இருந்தால்தான் பாதுகாப்பு” என்ற எண்ணம் இங்கே அழிவையே தருகிறது. ஓரிரு ரிங்கிட் விலையுள்ள வாஷரை மாற்றாமல், பழையதையே மீண்டும் போட்டுக் கசிவை நிறுத்துவதற்காக மேலும் முறுக்குவதும் இதே விளைவைத் தரும்.

எண்ணெய் வடிகட்டியிலும் இத்தகைய பிழை நேரும். வடிகட்டியின் வாயில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். பழைய வடிகட்டியைக் கழற்றும்போது அந்த வளையம் இயந்திரத்திலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடலாம். அதைக் கவனிக்காமல் புதிய வடிகட்டியைப் பூட்டினால், ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு வளையங்கள் இருக்கும். பட்டறையில் சோதிக்கும்போது கசிவு தெரியாமலிருக்கலாம். இயந்திரம் வேகமாக ஓடி எண்ணெய் அழுத்தம் உயரும்போது வளையம் பிதுங்கும். சிறிது நேரத்திலேயே எண்ணெய் முழுவதும் வெளியேறிவிடும். துணியால் ஒருமுறை துடைத்து, கண்ணால் ஒருமுறை பார்த்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய இழப்பு இது.

எண்ணெயைக் குறைவாக ஊற்றுவது தீங்கு என்பதைப் பலரும் அறிவர். அதிகமாக ஊற்றுவதும் தீங்குதான். எண்ணெய் மட்டம் உயர்ந்துவிட்டால், சுழலும் தண்டு அதைக் கடைந்து நுரையாக்கிவிடும். நுரையில் காற்றுக் குமிழிகள் நிறைந்திருப்பதால், உராயும் பாகங்களுக்கு நல்ல எண்ணெய்ப் படலம் கிடைக்காது. அளவுகோலில் உள்ள இரண்டு குறிகளுக்கு இடையே எண்ணெய் நிற்க வேண்டும் என்பதற்குக் காரணம் இதுவே.

சக்கரம், பிரேக், குளிர்விப்பு

எண்ணெய்க் கசிவு பெரும்பாலும் பணத்தை இழக்கச் செய்யும். சக்கரத்திலும் பிரேக்கிலும் நேரும் பிழையோ உயிரையே பறிக்கக்கூடும். சக்கர நட்டுகளை முறையாகப் பூட்டுவதற்கு ஒரு வரிசை உண்டு. ஒன்றன்பின் ஒன்றாக வட்டமாக இறுக்காமல், எதிரெதிரே உள்ளவற்றை மாறி மாறி இறுக்க வேண்டும். பல மகிழுந்துகளுக்கு ஏறக்குறைய 100 நியூட்டன் மீட்டர் திருப்புவிசை தேவைப்படுகிறது. காற்றழுத்தத்தால் இயங்கும் துப்பாக்கிக் கருவியால் நொடிப்பொழுதில் எல்லா நட்டுகளையும் இறுக்கிவிடலாம். ஆனால், ஒன்று அதிகமாகவும் மற்றொன்று குறைவாகவும் இறுகினால், பிரேக் வட்டு சீராக அமராது. பிரேக்கை மிதிக்கும்போது திசைதிருப்பி நடுங்கும். அளவுக்கு மீறி இறுக்கிய ஆணி உள்ளுக்குள் நீண்டு வலுவிழக்கும். நட்டுகள் தளர்ந்திருந்தாலோ ஓடும்போதே சக்கரம் கழன்றுவிடும் ஆபத்து உண்டு. அதனால்தான், சக்கரத்தைக் கழற்றி மாட்டிய பின்னர், 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மீண்டும் சரிபார்க்க வேண்டும் என்று அறிவுறுத்துகின்றனர்.

பிரேக் நீர்மம் எண்ணெயைப் போலத் தோன்றினாலும், அது எண்ணெய் அன்று. பெரும்பாலான மகிழுந்துகளில் பயன்படும் பிரேக் நீர்மம் கிளைக்கோல் வகையைச் சார்ந்தது. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. நம் நாட்டைப் போன்ற ஈரப்பதம் மிகுந்த நாட்டில், திறந்து வைத்த புட்டியிலுள்ள நீர்மத்தைப் பல மாதங்கள் கழித்து ஊற்றுவது நல்லதன்று. ஈரம் கலந்த நீர்மம் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும். கேமரன் மலையிலிருந்து இறங்கும்போது பிரேக்கைத் தொடர்ந்து மிதித்தால், சூட்டில் ஆவிக்குமிழிகள் தோன்றி, பிரேக் மிதி தரைவரை இறங்கிவிடலாம். யாரேனும் தவறுதலாக இயந்திர எண்ணெயைப் பிரேக் நீர்மக் கிண்ணத்தில் ஊற்றிவிட்டால், உள்ளேயிருக்கும் ரப்பர் பாகங்கள் உப்பிக் கெட்டுவிடும். அவற்றை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

குளிர்விப்பு நீர்மத்தின் இடத்தில் குழாய்நீரை ஊற்றுவதும் பரவலாகக் காணப்படும் வழக்கம். அவசர வேளையில் அது உதவலாம். அதையே வழக்கமாக்கினால், இயந்திரத்தின் உட்புற வழிகளில் துருவும் உப்புப் படிவும் சேரும். நீர்மத்தை மாற்றிய பின்னர் உள்ளே தங்கிய காற்றை வெளியேற்றாவிட்டாலும் இயந்திரம் சூடேறும். அளவுக்கு மீறிய சூட்டில் அலுமினியத் தலைப்பகுதி வளைந்துவிட்டால், செலவு பன்மடங்காகும். அதுபோலவே, சி.வி.டி. வகைக் கியர்ப் பெட்டிக்கு அதற்கென்றே உள்ள நீர்மத்தை ஊற்ற வேண்டும். “எல்லாம் கியர் எண்ணெய்தானே” என்று கையில் கிடைத்ததை ஊற்றினால், உள்ளேயுள்ள பட்டை வழுக்கித் தேயும்.

ஒரு பட்டறைக் காட்சி

சிற்றூர் ஒன்றில் உள்ள பட்டறையை எண்ணிப் பார்க்கலாம். லாரி ஓட்டுநர் ஒருவர், கல்லூரிக்குச் செல்லும் மகளுக்காகப் பழைய மகிழுந்து ஒன்றை வாங்கியிருக்கிறார். அதற்கு முன்பு மூன்று உரிமையாளர்கள் இருந்தனர். வீட்டு வாசலில் எண்ணெய்க் கறை தெரியவே, அவர் அதைப் பட்டறைக்குக் கொண்டு வருகிறார். மரையாணியைக் கழற்றிய பயிற்சியாளரின் கையில், அலுமினியத் துகள்கள் சுருள் சுருளாக ஒட்டியிருக்கின்றன.

“அண்ணே, தொட்டி மரை போய்விட்டது. ஆணியில் டேப்பைச் சுற்றிப் பூட்டினால் அடுத்த முறை எண்ணெய் மாற்றும்வரை தாங்கும். அவருக்கும் செலவு மிச்சம்,” என்கிறார் பயிற்சியாளர்.

“தாங்கலாம் தம்பி, தாங்காமலும் போகலாம்,” என்கிறார் மூத்த பழுதுபார்ப்பாளர். “அந்தப் பெண் இரவு நேரத்தில் நெடுஞ்சாலையில் போகும்போது ஆணி கழன்றால், பக்கத்தில் நீயும் இருக்கமாட்டாய், நானும் இருக்கமாட்டேன். நமக்கு முன் யாரோ ஒருவர் இப்படி நினைத்துத்தான் இதை நம்மிடம் அனுப்பியிருக்கிறார். நாமும் அடுத்தவரிடம் அனுப்ப வேண்டுமா?”

பின்னர் அவர் லாரி ஓட்டுநரை அழைத்து, சிதைந்த மரையை விளக்கொளியில் காட்டுகிறார். தொட்டியையே புதிதாக மாற்றலாம்; அல்லது பழைய மரையைக் கடைந்தெடுத்து, எஃகுச் சுருள் மரை ஒன்றைப் பொருத்தலாம். முன்னது செலவு மிக்கது. பின்னது செலவு குறைந்தது, முறையாகச் செய்தால் உறுதியானது. ஓட்டுநர் இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுக்கிறார். மரை கடையும்போது விழும் உலோகத் துகள் இயந்திரத்திற்குள் சென்றுவிடக்கூடாது என்பதற்காக, மூத்தவர் தொட்டியைத் தனியே கழற்றி வைத்து வேலையைச் செய்கிறார். ஒரு மணி நேரத்தில் முடியக்கூடிய வேலை அரை நாள் வேலையாகிறது. “இதை முன்பு கெடுத்தவர் யார்?” என்று ஓட்டுநர் கேட்கிறார். அதற்கு அவர் பெயர் எதையும் சொல்லவில்லை. மூன்று உரிமையாளர்களின் கைகளைக் கடந்து வந்த மகிழுந்தில், எந்தக் கை தவறியது என்று அவருக்குத் தெரியாது. தெரியாததைச் சொல்வது நேர்மையன்று. ஆனால், கண்டதையும் செய்ததையும் ரசீதில் தெளிவாக எழுதித் தருகிறார்: “தொட்டி மரை சிதைந்திருந்தது, சுருள் மரை பொருத்தப்பட்டது.” அடுத்து அந்த ஆணியைத் தொடப்போகும் பழுதுபார்ப்பாளருக்கு அந்த வரி பெரிய உதவி.

பிழை நேரக் காரணங்கள்

கவனக்குறைவுக்குப் பட்டறையை மட்டுமே குறைகூறுவது முறையாகாது. ஒரு நாளில் எத்தனை வாகனங்களை முடிக்கிறோம் என்பதே வருமானத்தைத் தீர்மானிக்கும்போது, கைகள் விரைகின்றன, கண்கள் பின்தங்குகின்றன. பயிற்சி பெறாத ஊழியரிடம் மேற்பார்வையின்றி வேலை ஒப்படைக்கப்படுகிறது. கையேட்டைப் புரட்டிப் பார்ப்பது அனுபவமின்மையின் அடையாளம் என்று சிலர் தவறாக எண்ணுகின்றனர்.

பயனீட்டாளரின் பங்கும் இதில் உண்டு. “பத்து நிமிடத்தில் முடித்துவிடுங்கள்,” “பழைய வாஷரையே போட்டுவிடுங்கள்,” “ரசீது வேண்டாம், கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்” என்று கேட்பவரும் அவரே. மலிவையும் விரைவையும் மட்டுமே கேட்கும் வாடிக்கையாளருக்குத் தரம் தானாக வந்து சேராது.

பழுதைக் கண்டால் செய்ய வேண்டியவை

பராமரிப்பு முடிந்த சில நாள்களில் புதிய ஒலி, புதிய நாற்றம், புதிய நடுக்கம், புதிய கறை என எது தோன்றினாலும், அதைத் தற்செயல் என்று ஒதுக்கிவிடக் கூடாது. இயந்திர எண்ணெய் அழுத்தத்தைக் குறிக்கும் சிவப்பு விளக்கு எரிந்தால், பாதுகாப்பான இடத்தில் உடனே நிறுத்தி இயந்திரத்தை அணைத்துவிட வேண்டும். “வீடு பக்கத்தில்தானே” என்று ஓட்டிச் சென்றால், சிறிய கசிவு இயந்திரத்தையே பலிகொண்டுவிடும்.

அடுத்ததாக, சான்றுகளைப் பாதுகாக்க வேண்டும். கசியும் இடத்தைப் படமெடுப்பது, ஓடிய கிலோமீட்டர் கணக்கைக் குறித்துக்கொள்வது, பழைய ரசீதை எடுத்து வைப்பது, கழற்றிய பாகத்தைத் தூக்கியெறியாமல் பெற்றுக்கொள்வது ஆகியன பின்னர் உதவும். மற்றொரு பட்டறையில் காட்டும்போது, பழுதின் காரணத்தை எழுத்தில் தருமாறு கேட்கலாம்.

பிறகு, முதலில் வேலை செய்த பட்டறைக்கே சென்று அமைதியாக எடுத்துச் சொல்வது நல்லது. உண்மையைச் சான்றுடன் காட்டினால், தவற்றை ஏற்றுச் சரிசெய்து தரும் பட்டறையினர் பலர் உள்ளனர். கூச்சலால் ஆகாத காரியம் பொறுமையால் ஆகும்.

அதற்கும் பலன் இல்லையெனில், சட்டம் துணைநிற்கிறது. 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சேவை வழங்குபவர் தக்க கவனத்துடனும் திறனுடனும் அதைச் செய்ய வேண்டும். அவ்வாறு செய்யாதபோது, பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் முறையிடலாம். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அம்மன்றம் விசாரிக்கிறது. மனுக் கட்டணம் 5 ரிங்கிட் மட்டுமே. இரு தரப்பினரும் பொதுவாக வழக்கறிஞர் இன்றித் தாங்களே பேசலாம். எனவே, வசதி குறைந்தவரும் அஞ்சாமல் அங்குச் செல்லலாம். ஆயினும், ரசீது இல்லாதவரின் குரல் அங்கும் வலுவிழந்தே ஒலிக்கும் என்பதை மறக்கலாகாது.

வருமுன் காத்தல்

பட்டறையிலிருந்து மகிழுந்தை எடுத்துச் செல்வதற்கு முன் ஐந்து நிமிடங்கள் செலவிட்டால் போதும். சமதரையில் நிறுத்தி எண்ணெய் அளவுகோலை இழுத்துப் பார்க்கலாம். இயந்திரத்தை ஓடவிட்டு, அடியில் துளி விழுகிறதா என்று குனிந்து பார்க்கலாம். குளிர்விப்பு நீர்மம், பிரேக் நீர்மம் ஆகியவற்றின் மட்டத்தைக் கவனிக்கலாம். சூடாக இருக்கும் ரேடியேட்டர் மூடியை மட்டும் திறக்கவே கூடாது. அழுத்தத்தில் உள்ள கொதிநீர் பீறிட்டு முகத்தைச் சுட்டுவிடும். சாலையில் ஏறுவதற்கு முன், மெதுவாக ஓட்டிப் பிரேக்கை ஒருமுறை மிதித்துப் பார்ப்பதும் தேவை. எந்த நாளில், எத்தனை கிலோமீட்டரில், எந்த வகை எண்ணெய் ஊற்றப்பட்டது என்பதை ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதி வைத்தால், மகிழுந்தை விற்கும்போதும் அது மதிப்பைக் கூட்டும்.

கைத்தொழிலும் கண்ணியமும்

வாகனப் பராமரிப்பைத் தொழிலாகத் தேர்ந்தெடுக்க விரும்பும் மாணவர்களுக்கு நம் நாட்டில் பல வாய்ப்புகள் உள்ளன. தொழிற்கல்லூரிகள், தொழிற்பயிற்சிக் கழகங்கள், கியாட்மாரா நிலையங்கள் ஆகியவற்றில் பயின்று, மலேசியத் திறன் சான்றிதழைப் பெறலாம். சான்றிதழில் முதல் மூன்று நிலைகளைக் கடந்தவர், தொடர்ந்து திறன் டிப்ளோமா வரை செல்லலாம். இன்றைய மகிழுந்து, கணினியும் இயந்திரமும் இணைந்த ஒன்று. அதைப் பழுதுபார்ப்பதற்கு அறிவியலும் கணிதமும் மொழித்திறனும் வேண்டும். கையேட்டைப் படித்துப் புரிந்துகொள்ள இயலாதவரால் அத்தொழிலில் நெடுந்தூரம் செல்ல இயலாது.

எல்லாவற்றுக்கும் மேலாக வேண்டுவது பொறுப்புணர்வு. ஆசிரியரின் பணியை மாணவரும், சமையற்காரரின் பணியை உண்பவரும் உடனே மதிப்பிட்டுவிடலாம். பழுதுபார்ப்பாளரின் பணியோ மூடியின் உள்ளே மறைந்து கிடப்பது. ஆணி சரியாகப் பூட்டப்பட்டதா என்பதை வாடிக்கையாளர் பார்ப்பதில்லை, அவர் நம்புகிறார். அந்த நம்பிக்கையின் மேல்தான் தம் பிள்ளைகளைப் பின்னிருக்கையில் அமர்த்திக்கொண்டு அவர் நெடுஞ்சாலையில் ஏறுகிறார். அளவறிந்து இறுக்கப்பட்ட ஒவ்வோர் ஆணியும், அந்த நம்பிக்கைக்குப் பட்டறை செலுத்தும் மரியாதையாகும்.

சிந்தித்து விடையளி

1. எண்ணெய்த் தொட்டியின் மரை சிதைவதற்கான காரணங்கள் இரண்டனைக் கூறுக.

2. 40 சென்டிமீட்டர் நீளமுள்ள ஸ்பேனரின் நுனியில் 100 நியூட்டன் விசையைச் செலுத்தினால் கிடைக்கும் திருப்புவிசை எவ்வளவு? அது எண்ணெய்த் தொட்டி ஆணிக்குப் பொருந்துமா?

3. பயிற்சியாளர் கூறிய வழியை மூத்த பழுதுபார்ப்பாளர் ஏன் ஏற்கவில்லை? அவர் இடத்தில் நீ இருந்தால் என்ன செய்திருப்பாய்?

4. மகிழுந்தை முன்பு கெடுத்தவர் யார் என்ற வினாவுக்கு மூத்தவர் எவர் பெயரையும் சொல்லாதது சரியா? காரணத்துடன் விளக்குக.

5. ‘தரமற்ற பராமரிப்புக்குப் பயனீட்டாளரும் பொறுப்பாவர்’ எனும் கருத்தைப் பற்றி ஒரு பத்தியில் எழுதுக.